செய்தவரே விற்கும் சந்தை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளைச் செய்தவரும் அதனை வாங்கிப் பயன்கொள்பவரும் நேருக்கு நேர் நின்று, விலை பேசிக் கொடுத்துக் கொள்ளும் இடமே கைவினைச் சந்தையாகும். வணிகர் கூடும் இடமெல்லாம் சந்தைதான். ஆயினும் செய்தவரே கடைவிரிக்கும் சந்தைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே பொருளின் பின்னால் அதனைச் செய்த கை நிற்கின்றது. ‘இதற்கு ஏன் இந்த விலை?’ என்று கேட்டால், விடை கூறத்தக்க ஒருவர் எதிரே இருக்கின்றார். நவராத்திரி நாள்களில் சென்னை மயிலாப்பூர் மாட வீதியில் கூடும் கொலுப் பொம்மைச் சந்தை முதலாக, நகரங்கள்தோறும் அவ்வப்போது நடைபெறும் கைவினைக் கண்காட்சிகள் ஈறாக, இத்தகைய சந்தைகள் இன்றும் நம் கண்முன் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன.

இச்சந்தைகளைப் பண்பாட்டு ஆர்வலர் வியந்து பேசுவர். பொருளியலார் சிறுதொழில் என்னும் தலைப்பில் கணக்கெடுப்பர். இலக்கியம் பயில்வோரோ பெரும்பாலும் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கைவினைஞரைச் சந்தையில் நிறுத்தி, அவர்தம் தொழிற்பெயரைச் சொல்லி நமக்கு அறிமுகம் செய்துவைத்த முதற் சான்றுகளுள் இலக்கியமும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

சந்தையில் நிற்கும் கைவினைஞருக்கு மூன்று உரிமைகள் உள. ஒன்று, வாங்குவோர் முன் தம் முகத்தோடு நிற்றல். இரண்டு, தம் பொருளுக்குத் தாமே விலை சொல்லுதல். மூன்று, தம் பொருளோடு தம் பெயரும் சென்று சேர்தல். இம்மூன்றனுள் முகம் தமிழகத்தில் தொடக்கம் முதலே இருந்தது. விலை இடையில் பறிபோயிற்று. பெயர் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பாக்கங்களுக்கு இடைநிலம்

மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகின்றார். அங்கே சங்கை அறுத்து வளையல் கடைவோர், மணிகளைத் துளையிடுவோர், பொன்னைச் சுட்டு அணிகலன் புனைவோர் ஆகியோரும், ஆடை விற்போர், பொன்னின் மாற்றறிவோர் ஆகியோரும் ஒரே வரிசையில் வருகின்றனர். ‘கடைநர்’, ‘புனைநர்’ என்று செய்வோரைச் சொல்லும் அதே சொல்லமைப்பிலேயே ‘பகர்நர்’ என்று விற்போரையும் புலவர் சொல்கின்றார். செய்வோர் ஒரு தெருவிலும் விற்போர் வேறொரு தெருவிலுமாகப் பிரிக்கப்படாமல், ஒரே கூட்டத்தில் கலந்து நின்ற காட்சி இது.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை இன்னும் தெளிவான படத்தைத் தருகின்றது. புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் பட்டு, மயிர், பருத்தி ஆகியவற்றால் நெய்வோர், வெண்கலம் செய்வோர், செம்பு செய்வோர், தச்சர், கொல்லர், ஓவியர், மண்ணால் உருவமைப்போர், பொற்கொல்லர், தையற்காரர், தோல் வினைஞர், துணியாலும் நெட்டியாலும் பூவும் பொம்மையும் செய்வோர் எனப் பலர் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசரும் அந்தணரும் பெருங்குடியினரும் பிறரும் வாழ்ந்தனர். இவ்விரண்டிற்கும் நடுவே, செறிந்த மரங்களின் அடியையே தூண்களாகக் கொண்ட சோலையில், நாளங்காடி இருந்தது. கொடுப்போர் குரலும் கொள்வோர் குரலும் ஓயாது ஒலித்த இடம் அது என்கின்றார் இளங்கோவடிகள்.

சந்தை இருந்த இடம் ஈண்டுக் கருதத்தக்கது. அது கைவினைஞர் பாக்கத்திலும் இல்லை; செல்வர் பாக்கத்திலும் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்தது. செல்வர் வாயிலில் சென்று காத்து நிற்க வேண்டிய கட்டாயம் அங்கே கைவினைஞருக்கு இல்லை. செய்தவர் பாதி வழி நடந்தார். கொள்பவரும் பாதி வழி நடந்தார். இன்றைய கைவினைச் சந்தைகளின் அடிப்படை நெறியும் இதுவே. வெட்டவெளியில் பந்தல் அமைத்து, இரு திறத்தாரையும் சமநிலத்தில் நிறுத்துவதே சந்தையின் பணி.

சந்தைக்கும் விழாவுக்கும் உள்ள உறவும் பழையதே. ஊர்த் தெருவில் விழா நிகழவிருப்பதை அறிவித்துச் செல்பவனாக நற்றிணைப் பாடல் ஒன்று குயவனைக் காட்டுகின்றது. கலம் வனையும் கையே விழாவையும் அறிவித்தது. நவராத்திரிக்கு முன்னர்ப் பொம்மைக் கூடைகள் தெருவில் இறங்கும்போதுதான் விழா வந்தது என்று நகரத்தார் உணர்வதும் அம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

குயவரோடு பேசிய பாடல்கள்

வாங்குபவர் செய்பவரை நேரே விளித்துப் பேசும் காட்சிகள் புறநானூற்றில் இரண்டு உள. இரண்டிலும் விளிக்கப்படுபவர் ஈமத்தாழி வனையும் குயவர். ஒன்றில், கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், அத்துணைப் பெரிய அரசனைக் கவிக்கும் தாழியை உன்னால் வனைய இயலுமோ என்று கேட்கின்றார். மற்றொன்றில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகின்றாள். துயரின் உச்சியில் நிற்கும் ஒருத்தி, தெய்வத்திடமோ உறவினரிடமோ பேசாமல் குயவரிடம் பேசுகின்றாள். தன் தேவையைப் புரிந்துகொள்ளத்தக்கவர் செய்பவரே என்னும் நம்பிக்கை அவ்விளியில் உண்டு. ஆயத்தமாக அடுக்கிவைத்த பொருளை விற்கும் கடைக்காரரிடம் அவ்வாறு கேட்க இயலாது. அளவை மாற்றித் தரச் செய்தவரால் மட்டுமே இயலும்.

கைவினைஞர் பாடப்பட்டவர் மட்டும் அல்லர், பாடியவரும் ஆவர். கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரைப் பெருங்கொல்லனார் முதலியோர் தொழிற்பெயரோடே புலவர் வரிசையில் இடம்பெற்றனர். அறுவை வாணிகரும் கூல வாணிகரும் அவர்களோடு அமர்ந்தனர். தொழில் அங்கே பெயருக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. பெயரின் முற்பகுதியாகவே நின்றது.

ஆயினும் அக்காலத்தைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்தையே மீண்டும் நோக்குவோம். அக்காப்பியம் முழுவதும் ஒரு சிலம்பைச் சுற்றியே சுழல்கின்றது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கம். அவ்வேறுபாடு செய்தவரின் கைவேலையால் அமைந்தது. ஆனால் அச்சிலம்புகளைச் செய்தவர் எவர் என்று அரசவையில் ஒருவரும் கேட்கவில்லை. செய்தவரை அழைத்து ஒரு சொல் கேட்டிருந்தால் கோவலன் உயிர் தப்பியிருக்கக் கூடும். சிலம்பைத் திருடிப் பழியை மாற்றிய பொற்கொல்லனுக்கும் காப்பியத்தில் இயற்பெயர் இல்லை. அழகிய அணியைச் செய்த கைக்கும் பெயரில்லை. வஞ்சகம் செய்த கைக்கும் பெயரில்லை. தொழிற்பெயர் இருந்தது, தனிப்பெயர் இல்லை. பெயர் பற்றிய சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

கல்லில் எழுதிய உரிமை

இடைக்காலக் கல்வெட்டுகளில் கைவினைஞர் இரு வகையாகக் காணப்படுகின்றனர். தஞ்சைப் பெருங்கோயிலில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் கல்லில் நிலைபெற்றுள்ளது. கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயர் அரசன் பெயரோடு இணைந்து நிற்கும் அரிய சான்று இது. அதே கோயிலுக்கு வழங்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகளோ, அவற்றின் உயரத்தையும், அணிவித்த நகைகளின் எடையையும், கொடுத்தவர் பெயரையும் நுணுக்கமாகக் கூறி, வார்த்தவர் பெயரைக் கூறாது விடுகின்றன. கொடையாளர் பெயர் கல்லில் ஏறியது. கலைஞர் பெயர் மெழுகோடு உருகிப்போயிற்று.

கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் கம்மாளர்க்கு அரசர் உரிமை வழங்கியதை அவை பதிவுசெய்கின்றன. விசயநகரக் காலத்தில் கைக்கோளர் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமையைப் பெற்றனர். இவ்வுரிமைகளைக் கல்லில் எழுதிக் காக்க வேண்டியிருந்தது என்பதே, அதற்கு முன் அவை மறுக்கப்பட்டிருந்தன என்பதற்குச் சான்று. பிறர் வீட்டு மாடங்களைக் கட்டிய கைகள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. கைவினைஞர்க்கு வேண்டுவது வருவாய் மட்டுமன்று, மதிப்பும் கூட என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் ஆவணம் அரிது.

முன்பணமும் காட்சிக்கூடமும்

விலை கைவிட்டுப் போன கதை நெசவாளரிடம் தொடங்குகின்றது. சோழமண்டலக் கரையின் துணிக்கு ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் போட்டியிட்டன. 1734-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரை ஓரிடத்தில் குடியேற்றச் சென்னையில் உருவாக்கிய ஊரே சின்னத் தறிப்பேட்டை, அதாவது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. தறியின் பெயரால் அமைந்த அவ்வூர், வாங்குவோரின் தேவைக்காகச் செய்வோரைத் திரட்டிய ஊராகும். புகாரின் நாளங்காடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. அங்கே சந்தை நடுவில் இருந்தது. இங்கே செய்பவர் வாங்குபவரின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டார்.

நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி பெறும் முறை கம்பெனிக்கு முன்பே இருந்தது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை நெசவாளர்க்கு அதில் ஓரளவு வலிமை இருந்தது. நல்ல விலை வேறிடத்தில் கிடைக்குமாயின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை மற்றவர்க்கு விற்கலாம். ஒத்துவராவிடில் தறியைக் கழற்றிக்கொண்டு வேறூர் செல்லலாம். அரசியல் அதிகாரமும் கம்பெனியின் கைக்கு வந்த பின்னர் அவ்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கொடுத்த முன்பணம் கடனாக மாறியது. கடன் கட்டாக மாறியது. துணி நெய்தவர் அதன் விலையைச் சொல்ல இயலாதவரானார். 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத்துணி வந்து குவிந்தபோது, ஏற்கெனவே வலுவிழந்திருந்த தறிகள் அதனைத் தாங்க இயலாமல் ஓய்ந்தன.

அதே நூற்றாண்டில் கண்காட்சிகளின் காலம் தொடங்கியது. 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் இந்தியக் கைவினைப் பொருள்கள் பெரும் வியப்பை விளைவித்தன. 1855-இலும் 1857-இலும் சென்னையில் கண்காட்சிகள் நடந்தன. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளி, சென்னைக் கைவினைக் கல்விக்கு அடித்தளமாயிற்று. இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூற இயலாது. ஆயினும் கண்காட்சிக்கூடத்தில் பொருள் கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருந்தது. செய்தவர் தொலைவில் தம் ஊரிலேயே இருந்தார்.

செய்தவரையும் காட்சிக்குக் கொண்டுவந்தபோது நிகழ்ந்தது இன்னும் கொடுமையானது. 1886-இல் இலண்டனில் நடைபெற்ற குடியேற்ற, இந்தியக் கண்காட்சியில் கைவினைஞர் பலர் பார்வையாளர் முன் அமர்ந்து தொழில் செய்தனர். நெசவு, தச்சு, மண்வனைவு ஆகியவற்றை மக்கள் திரண்டு கண்டனர். அக்கைவினைஞர்களுள் பலர் ஆக்ரா நகரச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ருடால்ஃப் ஸ்வோபோடா என்னும் ஓவியர் அவர்களுள் சிலரின் முகங்களைத் தீட்டினார். விக்டோரியா அரசி அவற்றைப் பெற்றார். முகம் மட்டுமே அங்கே விலை பெற்றது. விலை சொல்லும் உரிமை இல்லாத முகம் காட்சிப்பொருளாகிவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. இன்றைய கண்காட்சிகளிலும், சக்கரத்தின் முன் குயவரை அமர்த்திப் படம்பிடித்துக்கொண்டு, அவர் வனைந்த கலத்தை வாங்காமல் செல்வோர் பலர். 1886-இன் நிழல் அவ்விடத்தில் விழுகின்றது.

பெயரின்மை பெருமையா?

இந்நிலையில்தான் ஆனந்த குமாரசுவாமியின் குரல் எழுந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடியினரான முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய அவர், 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும், 1909-இல் இந்தியக் கைவினைஞர் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். தொழிற்சாலை நாகரிகம் கைவினைஞரை ஊரிலிருந்தும் குழுவிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிரித்து, கூலியாளாக்கிவிட்டது என்று அவர் வருந்தினார். மரபுக் கலைஞர் தம் பெயரைப் பொறிக்காமல் விட்டது, ‘நான்’ என்பதைக் கடந்த நிலை என்று அவர் போற்றினார்.

இக்கருத்தின் ஆழத்தை மறுக்க இயலாது. எனினும் ஒரு வினா எழுகின்றது. தாமே துறந்த பெயரும், எவரும் கேளாததால் மறைந்த பெயரும் ஒன்றாகுமா? கொடையாளர் பெயரைக் கல்லில் பொறித்தோர், வார்த்தவர் பெயரை மட்டும் ஆன்மிகக் காரணத்தால் விட்டனர் என்று கொள்ளுதல் அரிது. செருப்பணிய ஆணை வேண்டியிருந்த ஒரு குழுவினர், பெயரை மட்டும் விரும்பித் துறந்தனர் என்பதும் பொருந்துமாறில்லை. துறவு உடையவர்க்கே உரியது. இல்லாத ஒன்றைத் துறத்தல் எவ்வாறு? பெயரின்மையைப் போற்றும் முன், பெயர் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததா என்று வரலாறு கேட்டாக வேண்டும்.

ஈஞ்சம்பாக்கத்துச் சோதனை

விடுதலைக்குப் பின், 1952-இல் அனைத்திந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா அதனை வழிநடத்தினார். 1964-இல் அவர் முயற்சியால் இந்தியக் கைவினை மன்றம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. அரசு விற்பனை நிலையங்கள் பெருகின. 1973-இல் தமிழ்நாட்டுக் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, அதன் கடைகள் ‘பூம்புகார்’ என்னும் பெயர் பெற்றன. நாளங்காடி இருந்த நகரின் பெயரே கடைகளுக்கு வாய்த்தது பொருத்தமானது. ஆயினும் நிலையத்தில் விற்பவர் பணியாளர், செய்தவர் அல்லர்.

இதற்கிடையே சென்னைக் கலைப் பள்ளியில் வேறொரு முயற்சி உருவாயிற்று. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஓர் உண்மையைக் கண்டார். ஓவியமும் சிற்பமும் பயின்று வெளியேறும் இளைஞர் அவற்றை விற்று வாழ இயலவில்லை. வேறு வேலைக்குச் சென்றவுடன் தூரிகை உலர்ந்துவிடுகின்றது. புரவலரை நம்பினால் புரவலர் விரும்புவதையே தீட்ட வேண்டும். இதற்கு அவர் கண்ட வழி கைவினை. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, தோல்வேலை, உலோகவேலை முதலியவற்றை ஓவியர்களே செய்தனர், கண்காட்சிகளில் விற்றனர். கலைஞர் கைவினைஞர் சங்கம் என்னும் கூட்டுறவு உருவாயிற்று. பாத்திக் விற்பனையில் கிடைத்த பணத்தைக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது.

இந்நிகழ்ச்சியின் பொருள் பெரிது. அதுவரை கைவினையைத் தாழ்ந்ததாகவும் ஓவியத்தை உயர்ந்ததாகவும் கருதும் பழக்கம் வேரூன்றியிருந்தது. சோழமண்டலத்தார் அதனைத் தலைகீழாக மாற்றினர். கைவினை அங்கே கலையைத் தாங்கிய கொழுகொம்பாயிற்று. காலையில் துணிக்குச் சாயமேற்றிய கை மாலையில் எவர் விருப்பத்திற்கும் பணியாத ஓவியத்தைத் தீட்டியது. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய சிற்பங்களில் கோயிற் கவசங்கள் செய்யும் கன்னாரின் கைம்முறையும் தற்காலச் சிற்பியின் கற்பனையும் பிரிக்க இயலாதவாறு கலந்தன. கலைக்கும் கைவினைக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் அங்கே இடிந்தது.

முகம், விலை, பெயர் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே கூடின என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். செய்தவர் அங்கேயே வாழ்ந்தார். விலையை அவரும் அவர் சங்கமும் முடிவுசெய்தனர். படைப்பின் மூலையில் அவர் பெயர் இருந்தது. அங்கிருந்த திறந்தவெளி அரங்கிற்குப் ‘பாரதி’ என்று பெயரிட்டனர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பணிக்கர் 1977-இல் மறைந்தார், கிராமம் தொடர்ந்தது. 2009-இல் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. சோழமண்டலத்தார் கல்லூரிப் பயிற்சி பெற்றவர்கள்; கையொப்பமிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள். அவர்க்குக் கிட்டிய பெயர், தலைமுறை தலைமுறையாகக் களிமண் பிசைந்த குடும்பத்தார்க்கோ கோரை நெய்த பெண்களுக்கோ தானாகக் கிட்டிவிடவில்லை.

மாட வீதியும் பேரமும்

இனி, நம் காலச் சந்தைக்கு வருவோம். 1994-இல் தில்லியில் ‘தில்லி ஹாட்’ தொடங்கப்பட்டது. ஜயா ஜெயிட்லி முதலியோரின் முயற்சியால் அமைந்த அச்சந்தையில், கைவினைஞர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முறைமாறிக் கடைவிரிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஊர்ச் சந்தையின் வடிவத்தையே பெருநகரில் நிலைநிறுத்தும் முயற்சி அது. 1996-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவிலும் கைவினைஞர் தாமே விற்க இடம் கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது மாட வீதி. கொலுப் பொம்மை செய்வோரின் உழைப்பு ஆண்டு முழுவதும் நீள்கின்றது. மண்ணைப் பிசைந்து, இரு பாதி அச்சுகளில் அழுத்தி, ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, இறுதியில் கண் எழுதுவர். பண்ணுருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னைக் கொசப்பேட்டை ஆகிய இடங்களில் உருவாகும் பொம்மைகள் சில நாள் விற்பனைக்காகத் தெருவோரம் வந்து சேர்கின்றன. ஓராண்டு உழைப்பின் பயன் அந்தச் சில நாளில் அடங்கியுள்ளது. அந்நாள்களில் மழை பெய்தால், தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு குடும்பமே பொம்மைகளின்மேல் கவிந்து நிற்கும்.

அவ்வீதியில் விற்பவர் அனைவரும் செய்தவர் அல்லர். முன்பணம் கொடுத்துச் சிற்றூர்களில் பொம்மைகளை வாங்கிவந்து விற்கும் வணிகரும் உள்ளனர். அவர்களைப் பழிப்பதும் முறையன்று. வண்டிக்கூலியும் இடவாடகையும் கொடுத்துத் தெருவில் அமர எல்லாக் குடும்பத்தாராலும் இயலாது. ஆயினும் செய்தவர் அமர்ந்திருக்கும் கடைக்கும் வணிகர் கடைக்கும் வேறுபாடு எளிதில் புலப்படும். கை உடைந்த பொம்மையை வணிகர் ஒதுக்கி வைப்பார். செய்தவரோ மண்ணும் பசையும் எடுத்து அங்கேயே ஒட்டித் தருவார். சென்ற ஆண்டு வாங்கிய தசாவதாரத்தில் ஓர் உரு குறைந்தால், அதே அச்சில் மற்றொன்று செய்துதர ஒப்புக்கொள்வார். தாழியை அகலமாக வனையச் சொன்ன பெண்ணின் குரல், மாட வீதியில் வேறு வடிவில் இன்றும் ஒலிக்கின்றது.

இங்கே பேரம் பற்றிச் சில சொல்ல வேண்டும். குளிரூட்டிய கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும் நாம், தெருவில் அமர்ந்திருக்கும் செய்தவரிடம் மட்டும் பாதி விலைக்குக் கேட்கின்றோம். கடையின் விலையில் விளக்குக்கும் கட்டடத்துக்கும் விளம்பரத்துக்கும் கூலி அடங்கியுள்ளது. அதனைக் குறைக்கச் சொல்ல நமக்குத் துணிவில்லை. செய்தவரின் விலையில் அடங்கியிருப்பது பெரும்பாலும் அவர் உழைத்த நாள்களே. அவற்றைக் குறைக்கச் சொல்ல நாம் தயங்குவதில்லை. பத்தமடையின் மெல்லிய பட்டுப்பாய்க்காகக் கோரையை அறுத்து, கிழித்து, ஓடும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, சாயமேற்றி, நெய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகின்றன. அதன் விலையில் நூறு ரூபாய் குறைப்பவர், நெய்தவரின் எத்தனை மணிநேர உழைப்பைக் குறைக்கின்றோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கவிஞர்கள் இதனை எளிதில் உணர்வர். தம் தொகுப்பைத் தாமே அச்சிட்டு, கூட்ட அரங்கின் வாயிலில் மேசைமேல் அடுக்கிவைத்து, அருகே நின்ற பட்டறிவு நம்முள் பலர்க்கு உண்டு. ‘எனக்கு ஒரு படி அன்பளிப்பாகத் தரலாகாதா?’ என்று நண்பர் கேட்கும்போது உள்ளத்தில் எழும் சிறு நெருடலே, பாதி விலைக்குக் கேட்கப்படும் கைவினைஞர் நாள்தோறும் அடைவது. கவிதை செய்தவர்க்கும் கலம் செய்தவர்க்கும் இங்கே வேறுபாடில்லை.

ஊரின் பெயரும் ஒருவரின் பெயரும்

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், பத்தமடைப் பாய், சுவாமிமலைப் படிமங்கள், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை முதலியவற்றுக்குக் காப்பு அளித்துள்ளது. வேற்றிடத்துப் போலிகள் இவ்வூர்ப் பெயர்களைச் சூடிக்கொள்வதை அது தடுக்கின்றது. இது பெரும்பேறே. எனினும் அச்சட்டம் காப்பது ஊரின் பெயரை. அவ்வூரில் விரல் தேய நெய்த ஒருத்தியின் பெயரை அன்று.

2020-ஆம் ஆண்டு இருவகையில் நினைவிற்குரியது. அவ்வாண்டு நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் சந்தைகளும் கண்காட்சிகளும் நின்றுபோயின. செய்த பொருள் வீட்டிலேயே தேங்கியது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், 1952 முதல் இயங்கிவந்த அனைத்திந்தியக் கைவினை வாரியமும் கலைக்கப்பட்டது. அரசு அமைப்புகள் தோன்றும், மறையும். சந்தையோ மீண்டும் கூடியது. அதனைக் கூட்டியது ஆணை அன்று. செய்தவர்க்கு விற்க வேண்டியிருந்ததும், கொள்பவர்க்குக் கொலுப்படியில் வைக்க ஒரு பொம்மை வேண்டியிருந்ததுமே.

முடிவுரை

தொகுத்து நோக்கின், புகாரின் சோலை நிழலில் கைவினைஞர்க்கு முகம் இருந்தது. கம்பெனியின் முன்பணம் விலையைப் பறித்தது. கண்காட்சிக்கூடம் முகத்தைக் காட்சியாக்கியது. ஈஞ்சம்பாக்கம் மூன்றையும் ஒருசிலர்க்கு மீட்டுத் தந்தது. தெருச்சந்தை முகத்தையும் விலையையும் ஓரளவு மீட்டுத் தருகின்றது. எஞ்சியிருப்பது பெயர்.

இதற்கு வழிகாட்டும் முன்மாதிரி ஒன்று நம் இலக்கிய மரபிலேயே உண்டு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் அவ்விடத்தை வெறுமையாக விட்டுச் செல்லவில்லை. அப்பாடலில் சிறந்து நின்ற தொடரையே எடுத்து அதனை ஆக்கியவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் முதலிய பெயர்கள் அவ்வாறு பிறந்தனவே. பெயர் தெரியவில்லை என்பது மறப்பதற்குக் காரணமாகாது என்று கருதிய பெருந்தகைமை அது. செய்த பொருளிலிருந்தே செய்தவரைத் தேடிக் கண்ட நேர்மையும் அதுவே.

அவர்க்கிருந்த இடர் நமக்கு இல்லை. நாம் கைவினைஞர்க்குப் பெயர் புனைய வேண்டியதில்லை. அவர் நம் எதிரே அமர்ந்திருக்கின்றார். ‘இதைச் செய்தவர் யார்? உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டால் போதும். பாண்டியன் அவையில் எவரும் கேளாது விட்ட வினா அது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தார், தம் கூட்ட மேடையில் ஏற்றும் குத்துவிளக்கையும், சிறப்பு விருந்தினர்க்குப் போர்த்தும் கைத்தறி ஆடையையும், பரிசாக வழங்கும் படிமத்தையும் செய்தவரிடமே சென்று அவர் சொன்ன விலைக்கு வாங்கி, அழைப்பிதழில் கவிஞர் பெயர்களோடு அவர் பெயரையும் அச்சிடுவார்களாயின், இருபதாம் ஆண்டு மலரில் இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை எழுத வாய்ப்பு உண்டாகும்.